மகள் கபடி அணியில் சேர்ந்துவிட்டாள்: தாம்பரம் சுற்றுவட்டாரப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஜூலை மாதத்து மாலை ஒன்றில், பள்ளி விட்டு வரும் மகள் பையைச் சோபாவில் வீசாமல் அதற்குரிய இடத்தில் வைத்தால் உஷாராகிக்கொள்ளுங்கள். கையெழுத்து கேட்கப் போகிறாள். நான்காக மடித்த தாள் ஒன்று வெளியே வரும். 'என் மகள் பள்ளி கபடி அணியில் விளையாட எனக்கு முழுச் சம்மதம். விளையாட்டில் காயம் ஏற்பட்டால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல' என்று இரண்டே வாக்கியம். முதல் வாக்கியத்தை வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி படியுங்கள். இரண்டாவதை மனதுக்குள் படித்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டுவிடுங்கள்.

செஸ், ஷட்டில், நீச்சல் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஏசி அரங்கம் உண்டு, மாதக் கட்டணம் உண்டு, 'உங்கள் குழந்தையிடம் அபாரத் திறமை இருக்கிறது' என்று கட்டணத் தேதியில் ஞாபகமாகச் சொல்லும் கோச் உண்டு. கபடிக்கு மண்தான் உண்டு. குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு, பிள்ளையை இன்ஜினியராக்கும் ஒரே ஒரு திட்டத்தோடு நிம்மதியாக இருந்தவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி.

முதல் ரெய்டு சொந்தக்காரர்களிடமிருந்து வரும். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப்பா இதெல்லாம்? முட்டியில தழும்பு விழுந்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்று பெரியம்மா போன் செய்வார். ஆதாரத்தோடு பேசலாம் என்று நினைக்காதீர்கள். ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990 பெய்ஜிங்கிலேயே வந்துவிட்டது, பெண்கள் கபடி 2010 குவாங்சோவில் வந்தது, இந்தியப் பெண்கள் முதல் தடவையிலேயே தங்கம் வாங்கினார்கள் என்றெல்லாம் சொன்னால், "அதெல்லாம் சரி, அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?" என்ற கேள்விதான் திரும்பி வரும். பெரியம்மாவிடம் எடுபடும் பதில் ஒன்றே ஒன்று: "ஃபீஸ் கிடையாது பெரிம்மா." அதோடு போன் வைக்கப்படும்.

அடுத்து, போட்டி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏணிப்படி. குறுவட்டத்தை பி.டி. ஆசிரியர்கள் 'ஜோனல்' என்பார்கள். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. 'குடியரசு தின விளையாட்டுப் போட்டி' என்று பேனர் இருக்கும்; அதை நம்பி ஜனவரி 26 வரைக்கும் காத்திருந்தால் நீங்கள் கொடியேற்றத்தைத்தான் பார்ப்பீர்கள். குறுவட்டம் ஆடிக் காற்றிலேயே முடிந்திருக்கும்.

வயதுக் கணக்கு ஜனவரி முதல் தேதியை வைத்து. ஆகவே பிள்ளை பெறும்போதே திட்டமிட்டு ஜனவரியில் பெறுவது நல்லது. டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குப் பிறந்த குழந்தை, அரை மணி நேர அவசரத்தால் ஆயுசுக்கும் ஒரு வருடம் மூத்தவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். ஏற்கெனவே பெற்றுவிட்டவர்கள் மனதைத் தேற்றிக்கொண்டு பிறப்புச் சான்றிதழைத் தேடத் தொடங்கலாம். ஆதார், போட்டோ ஒட்டிய போனஃபைட், எமிஸ் எண், எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் உங்கள் மகளே இரண்டு பேர். இரண்டு பேரில் யாரையும் கோர்ட்டுக்குள் விட மாட்டார்கள்.

குறுவட்டப் போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பெண்கள் ஆட்டம் 15 நிமிடம், இடைவேளை 5, மறுபடி 15. விடியற்காலை எழுந்து ஓடி, முட்டி தேய்த்து, டியூஷன் மிஸ்ஸிடம் பொய் சொல்லி, பெரியம்மாவைச் சமாளித்து, கடைசியில் மொத்த சீசனும் 35 நிமிடத்தில் முடிந்த பள்ளிகளே இந்தப் பக்கம் அதிகம். அந்த 35 நிமிடத்துக்கு லீவு போடலாமா என்று யோசிக்கிறீர்களா? போடுங்கள். ஆபீஸில் 'வைரல் ஃபீவர்' என்று சொல்லுங்கள். மகளின் கபடி மேட்ச் என்று உண்மையைச் சொன்னால் மேனேஜர் நம்ப மாட்டார். நம்பினால் இன்னும் மோசம். 'கில்லி' படத்து வசனத்தை ஒரு மாதத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பயிற்சி நடக்கும் இடத்தைப் பற்றி

பெண்கள் கபடிக்கு வேண்டிய கோர்ட் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். 96 சதுர மீட்டர். நம் பாஷையில் சொன்னால் ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி, அதாவது நீங்கள் மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் அளவு. அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

தாம்பரத்தில் இடத்துக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 1937-இல் சென்னை கிறித்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து கிளம்பி இங்கே வந்தபோது முந்நூறு ஏக்கருக்கு மேல் கிடைத்தது. விமானப்படைக்கு ஓடுதளமே இருக்கிறது. 1984-இல் ஏற்றுமதி மண்டலத்துக்கு இடம் கிடைத்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் புலிக்குக்கூட உலாவ இடம் இருக்கிறது. அங்கிருந்து கேளம்பாக்கம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 96 சதுர மீட்டர் என்று வரும்போதுதான் ஊரில் நிலமே இல்லாமல் போய்விடுகிறது. அட்மிஷன் சமயத்தில் உங்களுக்குச் சுற்றிக் காட்டிய மைதானத்தில் இப்போது புது பிளாக் எழும்பியிருக்கும். மிச்சம் இருக்கும் இடத்தில் ஸ்கூல் பஸ்கள் நிற்கும். காலை ஏழரைக்கு பஸ்கள் ரூட்டுக்குப் போன பிறகு, அவை திரும்பி வருவதற்குள், டீசல் சிந்திய மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு மகள் 'கபடி கபடி' என்று மூச்சுப் பிடிப்பாள். வருத்தப்படாதீர்கள். முப்பது விநாடிக்குள் ரெய்டை முடிக்க வேண்டும் என்பது விதி. பஸ் வருவதற்குள் பயிற்சியை முடிக்கப் பழகியவளுக்கு அது பெரிய விஷயமில்லை.

ஐப்பசி மழை தொடங்கினால் அந்த இடமும் கிடையாது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துப் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வீட்டு வாசலே நீச்சல் பிரிவுக்கு மாறியிருக்கும்.

பி.டி. பீரியட் இருக்கிறதே என்று கேட்கலாம். கால அட்டவணையில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு, சில பள்ளிகளில் ஒன்று. கணக்கு ஆசிரியர் வாசலில் வந்து நின்று, "சார், போர்ஷன் முடியல, இந்த ஒரு பீரியட் மட்டும்" என்பார். கொடுத்த கடன் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. 2023-இல், விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைப் பொது மேடையிலேயே கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் கைதட்டல் பலமாக இருந்திருக்கும். கைதட்டியவர்களில் கணக்கு ஆசிரியர்களும் இருந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் பி.டி. ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரேயரில் வரிசையை நேராக்குவது, லேட்டாக வருபவரைப் பிடிப்பது, முடி வெட்டாதவனை வீட்டுக்கு அனுப்புவது, சுதந்திர தினத்துக்குக் கொடிமரம் கழுவுவது, பொதுத்தேர்வில் பறக்கும் படைக்கு டீ சொல்வது, இவை அவருடைய முழுநேர வேலைகள். அணி தயார் செய்வது மிச்ச நேரத்தில். அவரிடம் போய், "சார், இவள் மார்க் குறையுது, கொஞ்சம் சொல்லுங்க" என்று நிற்காதீர்கள். மார்க் குறைந்தால் அணியிலிருந்து தூக்கிவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து வரும் கட்டளையை, உங்களுக்குத் தெரியாமல் அவர் ஏற்கெனவே இரண்டு முறை தடுத்திருப்பார்.

எடை, நகம், பயணம்

கபடியில் எடை வரம்பு உண்டு. பிரிவுக்கு ஏற்ப மாறும். போட்டிக்கு முந்தின வாரம் வீட்டில் விசித்திரங்கள் நடக்கும். காய்கறியைத் தொடாத பெண் வெள்ளரிக்காயைக் கேட்பாள். இட்லியை எண்ணுவாள். எதிர்வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தால் 'பந்திக்கு வரல, மொய் மட்டும்' என்பாள். பதற வேண்டாம், ஆனால் பட்டினி கிடக்கவும் விடாதீர்கள். எடை போட்ட மறுநிமிடம் என்ன சாப்பிடுவாள் என்று முன்கூட்டியே முடிவு செய்து டப்பாவில் கட்டிக் கொடுங்கள். தயிர் சாதம் உத்தமம். எலுமிச்சம்பழமும் குளுக்கோஸும் பி.டி. சார் பையில் இருக்கும். அதே பையில் ஒரு ஸ்ப்ரே இருக்கும். சுளுக்கு, வீக்கம், சிராய்ப்பு, தோல்வி எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.

நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இது அம்மா சொல்வது அல்ல, விதி. உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு வழுக்குவதும் கூடாது. பதினான்கு வருடமாக நீங்கள் சொல்லியும் எடுக்காத நகவெட்டியை நடுவர் ஒரு பார்வையில் எடுக்க வைத்துவிடுவார்.

போக்குவரத்துக்குப் பள்ளி பஸ் தருமா? டீசல் செலவு பற்றி நிர்வாகம் ஒரு விளக்கம் தரும். அரசு டவுன் பஸ்தான். இங்கே ஒரு கணக்கு உண்டு. 2021-இலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அணியில் பன்னிரண்டு பெண்கள், பி.டி. சார் ஒருவர். பன்னிரண்டு பேரும் இலவசம், காசு கொடுத்து டிக்கெட் எடுக்கும் ஒரே ஆள் சார். அவரும் மேடமாக இருந்துவிட்டால் மொத்த அணியின் பயணச் செலவு பூஜ்யம். விளையாட்டுக்கு ஒதுக்கும் தொகை பூஜ்யமாக இருப்பதற்கு இது பொருத்தமான ஏற்பாடு. மாவட்டப் போட்டிக்குத் தேர்வானால் செங்கல்பட்டோ மதுராந்தகமோ. தாம்பரத்தில் காலை ஆறு மணி ரயிலுக்கு நீங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும். பல்லாவரத்துப் பிள்ளை செங்கல்பட்டு மாவட்டம், வேளச்சேரிப் பிள்ளை சென்னை மாவட்டம். பக்கத்தில் இருக்கும் தோழியோடு மோத வேண்டுமானால் இரண்டு பேருமே மாநிலம் வரை போக வேண்டும்.

மாவட்டத்தில் இன்னொரு சங்கடம் காத்திருக்கும். சுண்ணாம்புக் கோடு போட்ட மண்ணில் வெறுங்காலோடு பழகியவர்களுக்கு அங்கே மேட் விரித்திருப்பார்கள். மேட்டுக்குத் தனி ஷூ வேண்டும். எதிரணி ஷூவைக் கட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் பிள்ளைகள் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அறிவுரை: தீபாவளிக்கு எடுக்கும் ஷூவை ஆவணியிலேயே எடுத்துவிடுங்கள்.

மைதான ஓரத்தில் நடந்துகொள்ளும் முறை

வெள்ளைச் சட்டை வேண்டாம். செம்மண் போகாது. நிழல் இருக்கும் ஒரே வேப்பமரத்தடியில் நடுவர்கள் ஸ்கூட்டரை நிறுத்தியிருப்பார்கள், ஆகவே தொப்பி அவசியம்.

ஆட்டம் புரியவில்லை என்றாலும் புரிந்த மாதிரி இருப்பது எளிது. ஏழு பேர் ஆடுவார்கள், ஐந்து பேர் வெளியே. உங்கள் மகள் அந்த ஐந்தில் ஒருத்தியாக இருந்தால், "இன்னிக்கு உன்னை ஏன் இறக்கல?" என்ற கேள்வியைச் சாயங்காலம் வரை நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஆறு அல்லது ஏழு பேர் இருக்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு புள்ளி. எதிரணி மொத்தமும் காலியானால் லோனா, கூடுதலாக இரண்டு புள்ளி. "போனஸ் எடும்மா, போனஸ்!" என்று அவ்வப்போது குரல் கொடுத்தால் பக்கத்திலிருப்பவர் உங்களைப் பழைய பிளேயர் என்று நினைப்பார். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். நான்கு பேர் நிற்கும்போது போனஸ் கேட்டால் மானம் போகும்.

பாடிப்போகும் பெண்ணுக்குச் சொந்த அணியில் யாராவது எச்சரிக்கையோ யோசனையோ சொன்னால் எதிரணிக்கு ஒரு புள்ளி தரலாம் என்பது கபடியின் பழைய விதி. பெற்றோரை இந்த விதியில் சேர்க்காமல் விட்டது பெரும் ஓட்டை. சேர்த்திருந்தால் எந்த ஆட்டமும் இடைவேளையைத் தாண்டாது. "பின்னாடி பாரு! கால! கால புடி! ஏய், லைன்!" என்று அடுத்த வீட்டுக்குக்கூடக் குரல் கேட்காத மனிதர்களெல்லாம் இங்கே கத்துவார்கள். முதல் ஆட்டத்தில் நீங்கள் அவர்களைப் பார்த்து முகம் சுளிப்பீர்கள். இரண்டாவது ஆட்டத்தில் உங்கள் குரல்தான் பெரிதாக இருக்கும். பெரியம்மாவை அழைத்துப்போயிருந்தால் அவர் குரல் அதைவிடப் பெரிதாக இருக்கும். மகளின் கணுக்காலை எதிரணிப் பெண் பிடித்துச் சாய்க்கும்போது, தழும்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "கைய நீட்டுடி, கோடு பக்கத்துலதான்!" என்பார்.

நடுவர்கள் வேற்றுப் பள்ளிகளின் பி.டி. ஆசிரியர்கள். ஒருவருக்கொருவர் மாமா, மச்சான் என்று பழகியவர்கள். ஆகவே சண்டை வந்தால் நீங்கள் நடுவில் போகாதீர்கள். மைக்கில், "பெற்றோர்கள் கோர்ட்டை விட்டு வெளியேறவும்" என்று மூன்று முறை சொல்வார்கள். அப்பீல், எதிர் அப்பீல், கட்டணம், தலைமையாசிரியருக்குப் போன் என்று ஒரு மணி நேரம் ஓடும். அதற்குள் சண்டைக்குக் காரணமான இரண்டு பெண்களும் ஒரே குச்சி ஐஸைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டிருப்பார்கள்.

ஜெயித்தால் போட்டோ எடுப்பார்கள். நாற்காலிகளில் தாளாளர், தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், நன்கொடையாளர், நன்கொடையாளரின் மைத்துனர். கோப்பை தாளாளர் மடியில். உங்கள் மகளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், பின்வரிசையில் இடப்பக்கம் மைத்துனரின் தோளுக்கு மேல் ஒரு நெற்றி தெரிகிறதா என்று பாருங்கள். வெளியூரிலும் இப்படித்தானா என்று யோசித்தால், அயர்லாந்தில் ஹர்லிங் என்று ஒரு மட்டையாட்டம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஹார்ட்டி கோப்பையை 1918-இலிருந்து ஆடுகிறார்கள். அங்கே ஹர்லிங்கில் பெரியவர்களுக்கும் சம்பளம் கிடையாது. எண்பதாயிரம் பேர் கொள்ளும் டப்ளின் மைதானத்தில் ஆடிவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். ஊருக்காக ஆடுவது என்பதில் அவர்களும் நாமும் ஒன்று. ஆடியவர்கள் போட்டோவில் எங்கே நிற்கிறார்கள் என்பதை விசாரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கனவு காண்பவர்களுக்கு

மாவட்டம் தாண்டினால் வீட்டில் பேச்சு மாறும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம் என்று உங்கள் மைத்துனர் கணக்கு சொல்வார். குறுவட்டச் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்தக் கதவுகளைத் தட்ட முடியாது என்பதை அவருக்கு மெதுவாகச் சொல்லுங்கள். சான்றிதழை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அப்புறம் எந்த அலுவலகத்திலும் பின்பக்கம் சீல் வைக்க முடியாது.

கனவு பலித்த ஊரும் ஒன்று உண்டு. மாநகரக் குப்பங்களையும் ஆற்றங்கரைக் குடிசைகளையும் அப்புறப்படுத்தி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து குடிவைத்த இடம் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னால் வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள பிள்ளைகள் பல வருடம் சொல்லி வந்தார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. இறுதியில் ஈரானை 75-21 என்று தோற்கடித்தார்கள். துணைத் தலைவி கார்த்திகா, கண்ணகி நகர். ஊர் திரும்பியவருக்குத் தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. ஒரு வாரத்துக்குள் தென்சென்னையில் இருந்த அத்தனை பெரியம்மாக்களும் அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'நம்ம புள்ளையும் கபடிதானே!' என்று எழுதினார்கள். தழும்பைப் பற்றிய பேச்சு அன்றோடு நின்றது.

கவனியுங்கள்: கண்ணகி நகர்ப் பெண்களுக்கு யாரும் அரங்கம் கட்டிக் கொடுத்துவிட்டு ஆடச் சொல்லவில்லை. ஆடினார்கள், ஜெயித்தார்கள், பிறகுதான் ஆடுகளத்தைப் பற்றிப் பேச்சே வந்தது. தங்கம் வாங்கிய பிறகு மேட் தருவோம் என்பது நம் ஊர் நடைமுறை. அதற்குள் எத்தனை பெண்கள் ஒன்பதாம் வகுப்போடு நின்றார்கள் என்பதற்குப் பதிவேடு கிடையாது.

உங்கள் மகள் பெரும்பாலும் பஹ்ரைன் போக மாட்டாள். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே எங்கோ ஒரு பள்ளியின் மண்ணில், இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்று, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவாள். அன்றைக்கு, 'அடுத்த வருஷம் பத்தாவது, இதோட போதும்' என்ற வசனம் உங்கள் வாய்வரை வரும். விழுங்கிவிடுங்கள். சோறு போடுங்கள். ஐஸ் கட்டி வேண்டுமா என்று கேளுங்கள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் மார்க் லிஸ்ட்டோடு வரிசையில் நிற்பார்கள். உங்கள் முறை வரும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த வாரம் பி.டி. பீரியட் நடந்ததா? 96 சதுர மீட்டர் எங்கே? பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.